லூபஸ் நோயாளியின் சிறுநீரகத்தை இரத்தம் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: பிப்ரவரி 4, காலை 10.20

என் மனைவிக்குச் சில ஆண்டுகளாக லூபஸ் (உடம்பின் நோயெதிர்ப்பே உடம்பைத் தாக்கும் நோய்) இருக்கிறது. இப்போது சிறுநீரில் புரதம் வர ஆரம்பித்திருக்கிறது, சிறுநீரகப் பயாப்ஸி (ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆனால் இரத்தத்தில் உள்ள பயோமார்க்கர்களை (நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களை) வைத்தே லூபஸ் சிறுநீரகப் பாதிப்பைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தேன். கையில் ஒரு ஊசியோடு முடிகிற வேலைக்கு முதுகில் எதற்குக் குத்த வேண்டும்? பயாப்ஸி தேவைதானா?

பிப்ரவரி 4, இரவு 9.45

தேவைதான்.

நான் ஆய்வகத்தில் இரத்தமும் சிறுநீரும் பார்த்துப் பிழைப்பவன். என் தங்கைக்கு லூபஸ், அது அவள் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. அறிக்கையை எழுதுகிறவனாகவும் அதைப் பயந்துகொண்டே பிரிக்கிறவனாகவும் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தப் பரிசோதனை சந்தேகத்தைக் கிளப்பும். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாது. லூபஸ் நெஃப்ரைட்டிஸை, அதாவது லூபஸ் சிறுநீரகத்தில் கிளப்பும் அழற்சியை, 2003-இல் வகுத்த முறைப்படி ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 1, 2 என்றால் சிறுநீரகத்துக்கென்று தனியாகக் கடும் மருந்து பெரும்பாலும் வேண்டியிருக்காது. 3, 4 என்றால் ஸ்டீராய்டோடு மைக்கோஃபினோலேட் அல்லது சைக்ளோபாஸ்பமைடு போன்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்துவிடும். 5 என்பது வடிகட்டும் சவ்வு தடிக்கிற வகை, புரதம் கொட்டும். 6 என்றால் வடிமுடிச்சுகளில் (சிறுநீரகத்துக்குள் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகளில்) 90 சதவீதத்துக்கு மேல் தழும்பாகிவிட்டன என்று பொருள். அந்த நிலையில் சிறுநீரகத்தைக் காப்பாற்றவென்று மருந்தைக் கூட்டினால் பக்கவிளைவுதான் மிஞ்சும். இந்த ஆறில் எது என்பதை எந்த இரத்தக் குழாயிலிருந்தும் நான் எடுத்துத் தர முடியாது.

சிறுநீரில் ஒரே அளவு புரதம் புதிய அழற்சியாலும் வரலாம், பழைய தழும்பாலும் வரலாம். முன்னதற்கு மருந்து வேண்டும், பின்னதற்கு அதே மருந்து வீண். பயாப்ஸி அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கும். நோயின் வேகத்துக்கு 24-க்கு இவ்வளவு, தழும்புக்கு 12-க்கு இவ்வளவு என்று போடுவார்கள். மருத்துவர் உண்மையில் தேடுவது அந்த இரண்டு எண்களைத்தான்.

லூபஸ் உள்ளவர்களுக்கு வரும் சிறுநீரகக் கோளாறெல்லாம் லூபஸால்தான் என்றும் இல்லை. ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளால் நுண்குழாய்களில் இரத்தம் உறைந்திருக்கலாம், மருந்தின் வேலையாக இருக்கலாம், சர்க்கரை நோயாகக்கூட இருக்கலாம்.

பிப்ரவரி 4, இரவு 10.10

விட்டுப்போனது: பயாப்ஸியைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வழக்கமான எல்லை, 24 மணி நேரச் சிறுநீரில் அரை கிராம் புரதம். ஒரே முறை எடுத்த சிறுநீர் என்றால் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவு) 500 மில்லிகிராம் புரதம். உங்கள் மனைவியின் அளவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் மேலே பேசுவதில் பாதி காற்றில் போகும்.

பிப்ரவரி 5, மாலை

கேள்வி கேட்டவர் தந்த தகவல்: சிறுநீரில் புரதம் 1,400 மில்லிகிராம், இரத்தத்தில் கிரியேட்டினின் 0.8, டிஎஸ்-டிஎன்ஏ (இரட்டை இழை டிஎன்ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருள்) நெகட்டிவ். "கிரியேட்டினின் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறார்.

கிரியேட்டினின் எல்லாம் முடிந்த பிறகு வந்து செய்தி சொல்கிற ஆள். வடிகட்டும் திறனில் பாதி போகும்வரைகூட அது 'இயல்பு' என்ற வரம்புக்குள் இருக்க முடியும். தசை குறைவான உடம்பு என்றால் இன்னும் மோசம். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டுத் தசை கரைந்தவருக்கு 0.8 என்பது நல்ல செய்தியா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. போன ஆண்டு எவ்வளவு இருந்தது என்று தேடுங்கள். 0.5-லிருந்து 0.8 என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன், அறிக்கையில் சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லாவிட்டாலும்.

டிஎஸ்-டிஎன்ஏ நெகட்டிவ் என்பதும் நிம்மதிக்குக் காரணமில்லை. 5-ஆம் வகுப்பு மட்டும் உள்ளவர்களுக்கு டிஎஸ்-டிஎன்ஏ இல்லாமலும், சி3, சி4 (லூபஸ் தீவிரமானால் செலவாகிக் குறையும் நோயெதிர்ப்புப் புரதங்கள்) இயல்பாகவும் இருப்பது உண்டு.

பிப்ரவரி 6, காலை

இப்போது அந்தத் 'துல்லியம்' விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம்.

பயோமார்க்கர் ஆய்வைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பது. லூபஸ் நெஃப்ரைட்டிஸ் உள்ளவர்களை ஒரு பக்கம், திடகாத்திரமான ஆட்களை மறுபக்கம் நிறுத்தினால் எந்த அழற்சிப் புரதமும் அற்புதமாகப் பிரித்துக் காட்டும். மருத்துவமனையில் எழும் கேள்வி அதுவல்ல. லூபஸ் இருக்கிறது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. அந்த ஒப்பீட்டுக்கு வந்தவுடன் பல பரிசோதனைகளின் மினுமினுப்பு போய்விடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். லூபஸ் உள்ள 1,000 பேர், அவர்களில் 200 பேருக்குச் சிறுநீரகத்தில் நோய் தீவிரமாக இருக்கிறது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 85 சதவீதம் பேரை இல்லை என்கிறது. காகிதத்தில் பிரமாதம். பிடிபடுவது 170 பேர், தப்பிப்பது 30 பேர். நோயே இல்லாமல் மாட்டிக்கொள்வது 120 பேர். அதாவது பாசிட்டிவ் வந்த 290 பேரில் 120 பேருக்கு வீண் கலவரம். இந்த 290 பேருக்கும் பயாப்ஸி இல்லாமல் சைக்ளோபாஸ்பமைடு ஏற்றச் சொல்வீர்களா?

அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள், அது அவ்வளவு மோசமில்லை. நெகட்டிவ் வந்த 710 பேரில் 680 பேருக்கு உண்மையிலேயே நோயில்லை. இரத்தப் பயோமார்க்கருக்கு வேலை இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது. யாரை இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்று சொல்வதில் அதற்குப் பலம் உண்டு. தீர்ப்பு எழுதும் அதிகாரம் அதற்கு இல்லை.

பிப்ரவரி 6, மதியம்

"அப்படியானால் டிஎஸ்-டிஎன்ஏ எதற்கு மாதாமாதம் எடுக்கிறார்கள்" என்று ஒருவர். எல்லோருக்கும் மாதாமாதம் எடுப்பதில்லை. நோய் அடங்கியிருந்தால் இடைவெளி நீளும். ஆனால் இந்தப் பரிசோதனைக்கு நீண்ட கதை உண்டு, இரவு எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, நள்ளிரவு தாண்டி

1948-இல் லூபஸ் நோயாளிகளிடம் தென்படும் எல்.இ. செல்லைக் கண்டார்கள், 1957-இல் லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் டிஎன்ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பரிசோதனைப் பட்டியலில் அதுவே முதல் வரிசையில் நிற்கிறது. அவ்வளவு பழசு என்பதாலேயே அதன் குணமும் குறையும் நன்றாகத் தெரியும்.

முதல் சிக்கல், எந்த முறையில் எடுத்தார்கள் என்பது. எலிசா முறை மெல்ல ஒட்டுகிற எதிர்ப்பொருளையும் வாரிக்கொள்ளும். அதனால் அதிகம் பேருக்குப் பாசிட்டிவ் வரும். கிரித்திடியா முறை கறாரானது. கிரித்திடியா என்பது ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதன் உடலில் கரு ஒன்று, அதைத் தவிரக் கசையிழையின் அடியில் கைனெட்டோபிளாஸ்ட் என்ற சிறு பொட்டு ஒன்று. அந்தப் பொட்டு முழுக்க இரட்டை இழை டிஎன்ஏ. இருட்டறையில் ஒளிரும் நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்தச் சிறிய பொட்டு பச்சையாக ஒளிர்ந்தால்தான் பாசிட்டிவ். பெரிய கரு மட்டும் பளிச்சென்று எரிந்தால் அது வேறு எதிர்ப்பொருள், கணக்கில் வராது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கருவைப் பார்த்து மகிழ்ந்து 'பாசிட்டிவ், சார்' என்பார்கள். மறுபடி பார் என்று அனுப்புவேன்.

ஆகவே ஓர் ஆய்வகத்தில் 80, இன்னோர் ஆய்வகத்தில் 240 என்றால் நோய் மூன்று மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. கிட் மாறினால் எண் மாறும். ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள்.

இரண்டாவது, அளவு ஏறினாலே மருந்தைக் கூட்டலாமா? நெதர்லாந்தில் இதைச் சோதித்து 1995-இல் வெளியிட்டார்கள். டிஎஸ்-டிஎன்ஏ 25 சதவீதம் ஏறியவுடனேயே, அறிகுறிக்குக் காத்திராமல் ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். அவர்களிடம் நோய் திரும்புவது குறைந்தது. உடனே எல்லோரும் அப்படிச் செய்திருக்க வேண்டுமே? செய்யவில்லை. எண் ஏறியும் ஒன்றும் ஆகாமல் இருக்கப்போகிறவர்களும் அந்த ஸ்டீராய்டைச் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதுதான் தடை.

என் தங்கையே அப்படி ஒருத்தி. நெடுங்காலம் அவளுடைய டிஎஸ்-டிஎன்ஏ உச்சத்தில், சி3 கீழே, சிறுநீரோ கண்ணாடி மாதிரி சுத்தம். "அண்ணா, இந்த எண்ணுக்கு என்னோடு என்ன பகை?" என்பாள். இரத்தத்தில் நோய் சுறுசுறுப்பாகவும் உடம்பில் அமைதியாகவும் இருக்கிற இந்த நிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. பிறகு ஒரு நாள் அவளுக்குக் கால் வீங்கியது. அந்த மாதம் டிஎஸ்-டிஎன்ஏ முன்பிருந்த அளவிலேயே இருந்தது. மாறியது சிறுநீர்தான்.

பிப்ரவரி 7, காலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்படியென்றால் டிஎஸ்-டிஎன்ஏ குப்பையா" என்று ஒரு நண்பர். இல்லை ஐயா. என் தங்கை ஒருத்தி, அவளை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது. சிலருக்கு ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் முதலில் டிஎஸ்-டிஎன்ஏ ஏறும், பின்னாலேயே சி3 இறங்கும், அப்புறம் புரதம் வரும். அப்படிப்பட்டவருக்கு அது தங்கமான பரிசோதனை. உங்கள் உடம்பு எந்த வகை என்பது பழைய அறிக்கைகளை வரிசையாக அடுக்கினால்தான் தெரியும்.

பிப்ரவரி 8

சி3, சி4 பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இவற்றைத் தொட்டித் தண்ணீரின் மட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, லூபஸ் திறந்துவிட்டுச் செலவழிக்கிறது. நாம் அளப்பது மட்டத்தை மட்டும். உடம்பில் தொற்றோ கர்ப்பமோ வந்தால் கல்லீரல் கூடுதலாக ஊற்றும். அப்போது கீழே ஓட்டை இருந்தாலும் மட்டம் இறங்காது, அறிக்கை 'இயல்பு' என்று சிரிக்கும். கர்ப்பிணிக்குச் சி3 வரம்பின் அடியை ஒட்டி இருந்தால் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

எதிர்த் திசையும் உண்டு. சி4 மரபணுவின் பிரதிகள் ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் வேறுபடும். குறைவான பிரதிகளோடு பிறந்தவருக்குச் சி4 வாழ்நாள் முழுக்கக் கீழேயே கிடக்கும். சி3 நன்றாக இருந்து சி4 மட்டும் எப்போதும் குறைவு என்றால் ஒவ்வொரு அறிக்கைக்கும் பதறாதீர்கள்.

சி.எச்.50 என்ற பரிசோதனையும் இதே குடும்பம். இரத்தத்தைக் குளிர்விக்காமல் மேசையில் மறந்துவிட்டால் அது தானாகவே இறங்கும். நோயாளிமேல் பழி விழும்.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

ஆன்டி-சி1க்யூ (சி1க்யூ என்ற நோயெதிர்ப்புப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்) பற்றி எழுதவில்லையே என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. இரத்தப் பரிசோதனைகளில் எனக்கு மரியாதை உள்ள ஒன்று அது. சிறுநீரகத்தில் நோய் தீவிரமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கும், இல்லையென்றால் தீவிரமான நெஃப்ரைட்டிஸ் இருக்கும் வாய்ப்பு குறைவு. மறுபடியும் அதே கதைதான் பாருங்கள், நெகட்டிவ்தான் அதிகம் பேசுகிறது. இருந்தால் மட்டும் நோய் உறுதி என்று ஆகாது. வேறு நோய்களிலும், ஆரோக்கியமானவர்கள் சிலரிடமும் அது தென்படும்.

பிப்ரவரி 10

சிஸ்டாட்டின் சி (சிறுநீரகத் திறனை அளக்க இரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம்) எடுத்தால் கிரியேட்டினினின் குறை தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். அது தசையைச் சார்ந்ததல்ல, அந்த வகையில் மெலிந்தவர்களுக்கு உதவும். ஆனால் ஸ்டீராய்டு அதிக அளவில் போனால் சிஸ்டாட்டின் சி ஏறும், சிறுநீரகம் அப்படியே இருந்தாலும். தைராய்டுக் கோளாறும் அதை ஆட்டிவைக்கும். லூபஸ் நோயாளிக்குப் புதிதாக ஸ்டீராய்டு தொடங்கிய வாரத்தில் சிஸ்டாட்டின் சி எடுத்துக் கதிகலங்குவது நாமே வரவழைத்துக்கொள்ளும் வம்பு.

கிரியேட்டினினையும் ஏமாற்றுகிற மருந்துகள் உண்டு. கோ-டிரைமாக்ஸசோல் அதில் முக்கியமானது. சிறுநீரகம் கிரியேட்டினினை வெளியே தள்ளுகிற வழியை அது அடைக்கும், எண் ஏறும், வடிகட்டும் வேலையோ குறைந்திருக்காது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் தொற்றைத் தடுக்க இதைக் கொடுப்பது சாதாரணம், அதனால் சொன்னேன். அதற்காக மருந்தை நீங்களே நிறுத்தாதீர்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவர்கள் இரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லுங்கள். சில வகை இயந்திரங்களில் அது எண்ணைக் கோணலாக்கும்.

பிப்ரவரி 12

புதிய பயோமார்க்கர்கள். கேள்வி கேட்டவர் படித்தது இவற்றைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். ஆக்ஸல், ஐஜிஎஃப்பிபி-2, கரையும் டிஎன்எஃப் ஏற்பி, விகேம்-1 எனப் பட்டியல் நீள்கிறது. லூபஸ் நெஃப்ரைட்டிஸில் இவை இரத்தத்தில் உயர்வதாக ஆய்வுகள் உண்டு. நான் மறுக்கவில்லை.

என் சந்தேகம் வேறு. இவற்றில் பல சிறிய புரதங்கள். வடிகட்டும் வேகம் குறைந்தாலே அவை இரத்தத்தில் தேங்கும். டிஎன்எஃப் ஏற்பி சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்பிலும் உயர்கிறது. அப்போது நாம் அளந்தது லூபஸின் சூட்டையா, வடிகட்டி அடைத்துக்கொண்டதையா? பின்னது என்றால் அதற்குக் கிரியேட்டினின் போதாதா? ஏற்கெனவே கையில் இருக்கும் சிறுநீர்ப் புரத அளவுக்கு மேல் புதிதாக என்ன சொல்கிறது என்று காட்டாத பயோமார்க்கரை நான் வாசலிலேயே நிறுத்துவேன்.

சிறுநீரில் பார்க்கிற புதியவற்றின்மேல் எனக்கு அதிக நம்பிக்கை. எம்சிபி-1, சிடி163 போன்றவை அழற்சி நடக்கும் இடத்திலிருந்தே கழுவிக்கொண்டு வருகின்றன. இரத்தம் மூட்டு, தோல், நுரையீரல் எல்லாவற்றின் புகாரையும் ஒன்றாகக் கலந்து கொண்டுவருகிறது. யார் கத்துகிறார்கள் என்று பிரித்துக் கேட்பது கடினம்.

பிப்ரவரி 13

"ஆய்வகக்காரரே, உங்கள் தொழிலையே இப்படித் திட்டுகிறீர்களே, சம்பளம் வருகிறதா?" என்று ஒருவர்.

வருகிறது. சிறுநீர்ப் பிரிவிலிருந்து.

பிப்ரவரி 15, இரவு

இவ்வளவும் எழுதியதில் பயாப்ஸியை எங்கோ உச்சாணியில் ஏற்றிவிட்டது போலத் தோன்றுகிறது. அதுவும் அப்படி ஒன்றும் தெய்வ வாக்கு இல்லை.

மெல்லிய நூல் போன்ற ஒரு துண்டை எடுக்கிறார்கள். இரண்டு சிறுநீரகங்களிலுமாகப் பல லட்சம் வடிமுடிச்சுகள், நாம் பார்ப்பது ஒரு கைப்பிடிகூட இல்லை. நோய் அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தால் ஊசி நல்ல இடத்தில் போய்க் குத்தி ஏமாற்றலாம். நோய் வகுப்பு மாறுவதும் உண்டு, இன்றைக்கு 5 என்று எழுதியது சில ஆண்டுகளில் 4 ஆகலாம். சிறுநீரில் புரதம் அடங்கியவர்களுக்குத் திரும்பப் பயாப்ஸி செய்தால் உள்ளே கனன்றுகொண்டிருப்பதும், புரதம் இன்னும் வருகிறவருக்கு உள்ளே வெறும் தழும்பு மட்டுமே இருப்பதும் பார்த்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை முதுகில் குத்திக்கொண்டிருக்கவும் முடியாது. இடையில் வழிகாட்ட இரத்தத்தில் நல்ல பயோமார்க்கர் ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் நியாயமானதுதான். கேள்வி கேட்டவர் படித்த கட்டுரையும் அந்த ஏக்கத்தில் எழுதப்பட்டதாக இருக்கும்.

பயாப்ஸிக்குப் பயப்படுகிறவர்களுக்கு, என் தங்கை சொன்னது: குப்புறப் படுக்க வைத்து, மரக்கச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே 'மூச்சைப் பிடி' என்றார்களாம். டக்கென்று ஒரு சத்தம், அழுத்தியது போல இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருந்ததுதான் பெரிய கொடுமை என்பாள். முதலில் போன சிறுநீர் லேசாகச் சிவந்திருந்தது, பிறகு தெளிந்துவிட்டது. இரத்தக் கசிவு பெரிதாகிச் சிக்கலாவது அரிது, ஆனால் உண்டு. அதனால்தான் முன்கூட்டியே தட்டணுக்கள், உறைதல், இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 20

பயாப்ஸி முடிந்து முடிவு வந்ததாக எழுதியிருக்கிறார்: 3-உம் 5-உம் சேர்ந்தது. தழும்பு மதிப்பெண் 12-க்கு 1.

இரத்தத்தில் டிஎஸ்-டிஎன்ஏ நெகட்டிவ், கிரியேட்டினின் 0.8. அதை மட்டும் பார்த்து உட்கார்ந்திருந்தால் 3-ஆம் வகுப்பு தெரிந்திருக்காது. தழும்பு 1 என்பது நல்ல சேதி, காப்பாற்ற நிறைய மிச்சமிருக்கிறது. மருந்துகளைப் பொறுத்தவரை அவருடைய மருத்துவர் பேசட்டும். பெலிமுமாப் இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் 2020 டிசம்பரிலும், வோக்ளோஸ்போரின் 2021 ஜனவரியிலும் அனுமதி பெற்றன. அதற்கு முன்பு இருந்ததைவிடத் தெரிவுகள் கூடியிருக்கின்றன.

இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார். புரதத்தை. ஓராண்டு முடிவில் அது ஒரு நாளைக்கு 0.7 அல்லது 0.8 கிராமுக்குக் கீழே வந்தவர்களின் சிறுநீரகம் நெடுநாள் நன்றாக இருந்ததை ஐரோப்பாவில் நடந்த இரண்டு நீண்டகால ஆய்வுகள் காட்டின. இவ்வளவு சாதாரணமான, மலிவான ஒரு எண் புதிய பயோமார்க்கர்களுக்கெல்லாம் போட்டியாக நிற்கிறது.

பிப்ரவரி 24

கர்ப்பம் பற்றி ஒரு பெண் கேட்டிருக்கிறார். இருபது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தமும் புரதமும் ஏறினால் லூபஸ் நெஃப்ரைட்டிஸா, கர்ப்பகால நஞ்சேற்றமா (பிரீஎக்லாம்ப்சியா) என்று மருத்துவர்களே திணறும் இடம் அது. இங்கே இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு நல்ல வேலை இருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் எஸ்ஃபுளிட்-1, பிஎல்ஜிஎஃப் என்ற இரண்டு புரதங்களின் விகிதம் மிக உயர்ந்திருந்தால் நஞ்சேற்றத்தின் பக்கம் சாயும். சி3 இறங்கி, டிஎஸ்-டிஎன்ஏ ஏறி, சிறுநீரில் சிவப்பணு காஸ்ட் தெரிந்தால் லூபஸின் பக்கம். இரண்டும் சேர்ந்தே வந்து தொலைப்பதும் உண்டு.

பிப்ரவரி 24, சற்றுப் பின்

காஸ்ட் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சிறுநீரக நுண்குழாயின் உள்ளே புரதம் உறைந்து, குழாயின் வடிவத்திலேயே வார்த்தெடுத்தாற்போல வெளியே வருகிற சிறு உருளை. அதற்குள் சிவப்பணுக்கள் நெருக்கியடித்துச் சிக்கியிருந்தால் இரத்தம் வடிமுடிச்சிலிருந்து வந்தது என்று கிட்டத்தட்டச் சத்தியம் செய்யலாம். பழுப்பு கலந்த செம்மஞ்சள் நிறம், ஓரத்தில் அணுக்களின் வட்டம் தெரியும். ஆனால் அது சீக்கிரம் கரைந்துவிடும். சிறுநீரை ஓரிரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். வீட்டில் காலையில் பிடித்து, மதியம்வரை பையில் வைத்திருந்து கொண்டுவந்தால் நான் எழுதப்போவது 'காஸ்ட் இல்லை' என்றுதான். மாதவிடாய் நாட்களில் கொடுக்காதீர்கள், தள்ளிப்போட முடியாவிட்டால் புட்டியின்மேலேயே எழுதிவிடுங்கள். முதல் துளிகளை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். புரத விகிதத்துக்குக் காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீர் நல்லது.